துருவே ஏறாத கோதுமையா, மெதுவாகத் துரு ஏறும் கோதுமையா?

மூன்று கோதுமை ரகங்களின் சோதனைப் பதிவு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகளில் இலைத் துரு நோய் எவ்வளவு ஏறியது என்பதைச் சதவீதத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் ரகம்: 0, 0, 5, 0. இரண்டாவது: 20, 30, 20, 30. மூன்றாவது: 70, 90, 60, 80. ஆனால் நோயில்லாத வயலில் விளைச்சலில் மூன்றாவதுதான் முதலிடம். பூஞ்சாணக்கொல்லி அடித்தால் சமாளித்துவிடலாம் என்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உண்மையான பட்டியல்களும் ஏறக்குறைய இந்தச் சாயலில்தான் இருக்கும். எதை விதைப்பது?

பெரும்பாலானோர் கை யோசிக்காமல் முதல் ரகத்துக்குப் போகும். என் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவதற்கு. அந்தப் 'பெரும்பாலும்' என்பதற்குள் சில நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் யாருக்கு எது பொருந்தும் என்று தெரியும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. பக்சீனியா டிரிட்டிசினா என்ற பூஞ்சைதான் காரணம். இலையின் மேற்புறத்தில் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சிறுசிறு கொப்புளங்கள் சிதறினாற்போல் வரும். விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும். அந்தத் தூள் முழுக்க வித்துகள். காற்று அவற்றை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூக்கிச் செல்லும். 15 முதல் 20 டிகிரி வெப்பம், இலையில் ஆறேழு மணி நேரம் பனி ஈரம், இவ்வளவு இருந்தால் போதும். வித்து முளைத்து இலைத்துளை வழியே உள்ளே இறங்கிவிடும். சாதகமான சூழலில் 7 முதல் 10 நாளில் அங்கே புதுக் கொப்புளம் வெடித்து அடுத்த சுற்று கிளம்பும். கதிருக்கு அடியில் கடைசியாக விரியும் கண்ணாடி இலைதான் மணி பிடிக்க அதிகம் உழைப்பது. அதைத் துரு எப்போது பிடிக்கிறது என்பதைப் பொறுத்தே இழப்பு. மணி பால் பிடித்து முற்றிய பிறகு வந்தால் பெரிய சேதமில்லை. கதிர் வருமுன்பே மேல் இலைகளில் ஏறிவிட்டால் விளைச்சலில் பாதிகூடப் போகலாம்.

பூஜ்யம் எங்கிருந்து வருகிறது

முதல் ரகத்தின் பூஜ்யத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு இருக்கும். பூஞ்சை செடிக்குள் செலுத்தும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அந்த மரபணு அடையாளம் கண்டுகொள்கிறது. கண்டதும் அந்த இடத்துச் செல்கள் தாமாகவே செத்துவிடுகின்றன. துருப் பூஞ்சை உயிருள்ள செல்லை நம்பியே பிழைப்பதால் அதற்கு அங்கே சாப்பாடு இல்லை. இலையில் வெளிறிய புள்ளி ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். ஆளி விதைப் பயிரையும் அதன் துருவையும் வைத்து எச். எச். ஃபிளோர் 1940-களில் நிறுவிய 'மரபணுவுக்கு மரபணு' கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் ஈடாகப் பூஞ்சையில் ஒரு மரபணு உண்டு.

சிக்கலும் அங்கேதான். பூஞ்சையின் அந்த ஒரு மரபணு மாறிவிட்டால், அல்லது தொலைந்துவிட்டால், செடிக்கு எதிரி கண்ணிலேயே படாது. ஒரு வயலில் ஒரு பருவத்தில் உண்டாகும் வித்துகள் கோடானுகோடி. அவற்றில் ஒன்று தற்செயலாக மாறிவிட்டால் போதும். ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் அதே ரகம் நின்றால், அந்த ஒரு வித்தின் வாரிசுகளுக்குப் போட்டியே கிடையாது.

இது வெறும் கணக்கு இல்லை, நடந்திருக்கிறது. ஏஜிலாப்ஸ் அம்பெல்லுலேட்டா என்ற காட்டுப் புல்லிலிருந்து எல்ஆர் 9 என்ற இலைத் துரு எதிர்ப்பு மரபணுவைக் கோதுமைக்குள் கொண்டுவர அமெரிக்க மரபியலாளர் ஏர்னஸ்ட் சியர்ஸ் எக்ஸ் கதிர் வீச்சையே பயன்படுத்த வேண்டியிருந்தது. 1956-இல் அதை வெளியிட்டார். மரபியலில் அது ஒரு சாதனை. ஆனால் அந்த மரபணுவோடு ரகங்கள் அமெரிக்க வயல்களுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதை ஏமாற்றும் துரு இனங்கள் (அதே பூஞ்சையின் உள்வகைகள்) வந்துவிட்டன. மெக்சிகோவில் 1984-இல் வெளியான ஆல்டார் சி84 என்ற டியூரம் கோதுமை (பாஸ்தா செய்யும் வகை) நீண்ட காலம் தாக்குப்பிடித்தது; 2001 வாக்கில் ஒரு புதிய இனம் அதைச் சாய்த்தது. மாற்றாக வந்த ஹுபாரே சி2001 எல்ஆர் 27, எல்ஆர் 31 என்ற இரண்டு மரபணுக்களை நம்பியிருந்தது. 2008-க்குள் அதுவும் போனது. இரண்டு மரபணு இருந்துமா என்று கேட்கலாம். அந்த இரண்டும் ஜோடியாக இருந்தால்தான் வேலை செய்யும். ஒன்று தனியாக இருந்தால் பயனில்லை. ஆக, பூஞ்சையின் கணக்கில் அது ஒரே தடைதான். விதைக்காரர் 'இரட்டை மரபணுப் பாதுகாப்பு' என்று சொல்லும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று. முழு எதிர்ப்பு இருக்கும்வரை அதன் பின்னணியில் வேறு என்ன பலம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நோயே வராத செடியில் 'மெதுவாக வரும்' குணத்தை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? தலைமுறை தலைமுறையாகக் கவனிப்பாரில்லாமல் அந்தக் குணம் கரைந்துபோகிறது. தாவர நோயியலாளர் வான் டெர் பிளாங்க் இதை வெர்ட்டிஃபோலியா என்ற உருளைக்கிழங்கு ரகத்தை வைத்து விளக்கினார். அந்தப் பெயரிலேயே 'வெர்ட்டிஃபோலியா விளைவு' என்று இன்றும் சொல்கிறார்கள். முன்வரிசை மரபணு உடைந்த நாளில் அதன் பின்னால் ஒன்றுமே இருப்பதில்லை. 0, 0, 5, 0 என்று வந்த ரகத்தின் அடுத்த எண் 80 ஆக இருக்கலாம், நடுவில் எச்சரிக்கைகூட இருக்காது. மூன்றாம் ஆண்டின் அந்த 5-ஐத்தான் நான் சந்தேகமாகப் பார்ப்பேன். சோதனைத் திடலில் எங்கோ ஒரு மூலையில், பூஜ்யமாக இருக்க வேண்டிய இலையில், முழு அளவுக் கொப்புளம் நாலைந்து வெடித்திருந்தால் அது புது இனத்தின் முதல் கால்தடமாக இருக்கலாம்.

இருபது, முப்பது என்று நிற்பதன் அர்த்தம்

இரண்டாவது ரகத்தின் இலையில் கொப்புளம் உண்டு. அதில் வித்தும் உண்டு. முழுமையாகத் தடுக்கவில்லை என்பதால் பகுதி எதிர்ப்பு என்று பெயர். ரால்ஃப் கால்டுவெல் 1968-இல் இதை 'மெதுவாகத் துரு ஏறுதல்' என்ற பொருளில் எழுதினார். நெதர்லாந்தின் ஆய்வாளர் பார்லெஃப்லீட், பார்லிப் பயிரின் இலைத் துருவை எடுத்துக்கொண்டு 1970-களில் இந்த மெதுவைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பார்த்தார். விழுந்த வித்துகளில் எத்தனை கொப்புளமாகின்றன, வித்து விழுந்து கொப்புளம் வெடிக்க எத்தனை நாள் ஆகிறது, கொப்புளம் எவ்வளவு பெரிது, அது எவ்வளவு வித்து எத்தனை நாள் தருகிறது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வித்தியாசமும் அற்பமாகத் தெரியும். பெருக்கிப் பார்த்தால்தான் புரியும்.

சின்னக் கணக்கு ஒன்று. துருவுக்குச் சாதகமான பருவம் 60 நாள் என்று கொள்வோம். நோய்க்கு ஆளாகும் ரகத்தில் 8 நாளுக்கு ஒரு சுற்று, ஒரு கொப்புளத்திலிருந்து 10 புதுக் கொப்புளங்கள். 60 நாளில் 7 சுற்று முடியும். ஒரு கொப்புளம் 1 கோடி ஆகிறது. பகுதி எதிர்ப்பு ரகத்தில் 12 நாளுக்கு ஒரு சுற்று, ஒன்றிலிருந்து 4. இதே 60 நாளில் 5 சுற்றுதான். ஒன்று 1024 ஆகிறது. நிஜத்தில் இலையில் இடம் தீர்ந்துபோவதால் கோடி வரை போகாது, வானிலையும் இப்படி ஒரே சீராக இருக்காது. ஆனாலும் நாலு நாள் தாமதம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். வட்டிக்கு வட்டி போல, காலம் நீள நீள வித்தியாசம் விரியும்.

எல்ஆர் என்று எண் கொடுத்துப் பதிவு செய்யப்பட்ட இலைத் துரு எதிர்ப்பு மரபணுக்கள் 80-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை முன்பு சொன்ன 'ஒரு இனத்தைப் பார்த்தால் தடுக்கும்' வகை. மெதுவாக்கும் வகையில் நன்கு அறியப்பட்டவை எல்ஆர் 34, எல்ஆர் 46, எல்ஆர் 67, எல்ஆர் 68 என்று சில.

எல்ஆர் 34-இன் கதை தனியாகச் சொல்லத் தக்கது. பிரேசிலின் ஃபிரண்டானா ரகத்தில் இருந்த இந்தக் குணத்தைக் கனடாவின் பீட்டர் டைக் முதலானோர் 1966-இல் விவரித்தார்கள். அதன் பூர்வீகம் இத்தாலியில் நசரேனோ ஸ்டிராம்பெல்லி உருவாக்கிய பழைய ரகங்கள் வரை போகிறது. அதாவது, ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக உலகின் பல மூலைகளில் வயலில் நிற்கிறது. இதை முழுதாக உடைத்த துரு இனம் இன்றுவரை இல்லை. 2009-இல் இதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, செல் சவ்வின் வழியே பொருள்களைக் கடத்தும் ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணு என்று தெரிந்தது. பூஞ்சையின் எந்தப் புரதத்தையும் பார்த்து அடையாளம் காணும் வேலை இதற்கில்லை. அதனால் முகத்தை மாற்றிக்கொண்டு ஏமாற்றவும் வழியில்லை. இலைத் துருவோடு மஞ்சள் துரு, தண்டுத் துரு, சாம்பல் நோய் ஆகியவற்றையும் இதே மரபணு தணிக்கிறது. 2015-இல் பிரித்தெடுக்கப்பட்ட எல்ஆர் 67-உம் கடத்தி வகைப் புரதத்துக்கான மரபணுதான், சர்க்கரைக் கடத்திகளின் குடும்பம். அதுவும் இந்த நான்கு நோய்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஒரே மரபணு என்றால் உடையும், பல மரபணு என்றால் நிற்கும்' என்று பலர் எழுதுகிறார்கள். எல்ஆர் 34 ஒரே மரபணுதான், நிற்கிறது. 'வளர்ந்த செடியில் எதிர்ப்பு' என்று பட்டியலில் போட்டிருந்தாலும் அது பகுதி எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. எல்ஆர் 13 வளர்ந்த செடியில் வேலை செய்வதுதான், ஆனால் அதை மீறும் இனங்கள் ஏராளம். எண்ணிக்கையும் பருவமும் இரண்டாம் பட்சம். அந்த மரபணு இனம் பார்த்துத் தடுக்கிறதா, பார்க்காமல் தணிக்கிறதா என்பதே கேள்வி.

பகுதி எதிர்ப்பின் குறைகளையும் மறைக்கக் கூடாது. எல்ஆர் 34 நாற்றுப் பருவத்தில் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். வளர்ந்த செடியில், அதிலும் கண்ணாடி இலையில்தான் அதன் பலம் தெரியும். குளிர்ச்சியான சூழலில் நன்றாக வேலை செய்யும், வெப்பம் கூடினால் மங்கும். துரு முன்கூட்டியே வந்து, அக்கம்பக்கத்திலிருந்து வித்து மழையாகக் கொட்டினால் தனியொரு எல்ஆர் 34 போதவே போதாது. இலை நுனி காய்ந்துபோவது இதன் கூடவே வரும் அடையாளம். விவரம் தெரியாதவர் உரக் குறைபாடு என்று நினைத்து வயலுக்கு எதையாவது போடுவார். எல்ஆர் 46-க்கும் எல்ஆர் 67-க்கும் இதே போல் நுனி காய்வது உண்டு.

போதாமைக்குத் தீர்வு அடுக்குவது. மெக்சிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட சிம்மிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரவி சிங், சஞ்சய ராஜாராம் முதலானோர் நாலைந்து மெதுவாக்கும் மரபணுக்களை ஒரே ரகத்தில் சேர்த்தால் துரு ஏறக்குறைய இல்லாத நிலைக்கே கொண்டுவரலாம் என்று 2000 வாக்கில் காட்டினார்கள். ஆக, உங்கள் பட்டியலில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும் எல்லா ரகமும் முதல் வகை என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. நாற்றுப் பருவத்தில் நோய் வருகிறது, வளர்ந்த செடியில் 5, 10 என்று நிற்கிறது என்றால் அது அடுக்கிய பகுதி எதிர்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒன்று கிடைத்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

அந்த எண்ணை எப்படி நம்புவது

முடிவெடுப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். துருவை மதிப்பிட 1948-இல் பீட்டர்சன் முதலானோர் திருத்திய காப் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் '100' என்றால் இலை முழுக்கக் கொப்புளம் என்று அர்த்தமில்லை. இலைப் பரப்பில் 37 சதவீதம் கொப்புளமாக இருந்தாலே 100. கொப்புளங்கள் அதற்கு மேல் நெருங்கி உட்கார முடியாது என்ற கணக்கு. எண்ணுக்குப் பக்கத்தில் கொப்புளத்தின் தன்மையைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். 30 என்ற ஒரே எண் இரண்டு ரகத்துக்கு இருந்தாலும், ஒன்றில் கொப்புளம் சிறுத்து ஓரம் வெளுத்திருக்கும். மற்றதில் பெருத்து வெடித்திருக்கும்.

இரண்டாவது பொறி, எந்தத் தேதியில் எடுத்த எண் என்பது. ஒரே நாளில் எல்லாத் திடலையும் சுற்றி வந்து மதிப்பெண் போட்டால், சீக்கிரம் முற்றும் ரகத்தின் இலைக்கு வயது அதிகம், துருவுக்குக் கிடைத்த நாளும் அதிகம். பத்து நாள் தாமதமாகக் கதிர் விடும் ரகம் அதனாலேயே எதிர்ப்புள்ளது மாதிரித் தெரியும். கதிர் விட்ட நாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எண்ணைப் படிக்க வேண்டும். ஒரே ஒரு நாளின் எண்ணைவிட, வாரத்துக்கு ஒரு முறை எடுத்த மூன்று நாலு எண்கள் கிடைத்தால் வேகம் தெரியும். பகுதி எதிர்ப்பு என்பதே வேகத்தைப் பற்றியதுதானே.

மூன்றாவது பொறி எனக்குப் பிடித்தது. சோதனைத் திடல்கள் சின்னவை. நடுநடுவே நோயைப் பரப்பவே எளிதில் நோய் பிடிக்கும் ரகத்தை வரிசையாக விதைத்திருப்பார்கள். பகுதி எதிர்ப்பு ரகம் தன் திடலுக்குள் வித்தைக் குறைத்தாலும் பக்கத்து வரிசையிலிருந்து ஓயாமல் வந்து விழுகிறது. ஆகவே அதன் எண் கூடித்தான் தெரியும். பத்து ஏக்கரும் அதே ரகமாக இருக்கும் வயலில் வெளியிலிருந்து வரும் வித்தின் பங்கு குறைவு. திடலில் 30 காட்டிய ரகம் அங்கே அதைவிடக் குறைவாகவே காட்டும். பார்லெஃப்லீட் பார்லியில் இதைச் சோதித்தபோது, ரகங்களுக்கு இடையே உள்ள உண்மையான வித்தியாசத்தைச் சிறு திடல்கள் பலமடங்கு சுருக்கிக் காட்டுவது தெரிந்தது. முதல் ரகத்துக்கு இந்த அநியாயம் நடப்பதில்லை. எத்தனை வித்து விழுந்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். ஆக, சோதனைப் பட்டியல் என்பதே முழு எதிர்ப்புக்குச் சாதகமாகச் சாய்ந்த தராசு.

மூன்றாவது ரகமும் தெளிப்பானும்

தெளித்துச் சமாளிப்பதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்ற டிரையசோல் வகைகளும் அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்ற ஸ்டிரோபிலூரின் வகை மருந்துகளும் துருவை நன்றாகவே கட்டுப்படுத்தும். இன்னொரு நல்ல செய்தி: ஸ்டிரோபிலூரினுக்குப் பல பூஞ்சைகள் ஒரே ஒரு மாற்றத்தால் பழகிவிட்டன, ஆனால் துருப் பூஞ்சைகளின் அந்த மரபணுவில் சரியாக அந்த இடத்தில் ஒரு இடைத்துண்டு உட்கார்ந்திருப்பதால், அந்த மாற்றம் நேர்ந்தால் பூஞ்சையே பிழைக்காது. அந்த ஒரு வழி அவற்றுக்கு அடைபட்டிருக்கிறது.

சிக்கல் நேரத்தில். கண்ணாடி இலை விரிந்து சுத்தமாக இருக்கும்போது மருந்து அதன்மேல் இருக்க வேண்டும். உள்ளே இறங்கிய பூஞ்சையை டிரையசோல் சில நாள் வரை பின்தொடர்ந்து பிடிக்கும். கொப்புளம் வெடித்தபின் போன பச்சை திரும்பாது. அந்த வாரத்தில் மழை, காற்று, ஆள் இல்லை, கருவி இல்லை என்று எது நடந்தாலும் மூன்றாவது ரகத்தில் ஈடுகட்ட ஒன்றுமில்லை. துரு வராத ஆண்டிலும் பயத்தில் அடிப்பீர்கள், அந்தச் செலவும் கணக்கில் சேரும். போதாததற்கு, உங்கள் வயல் அக்கம்பக்கத்துக்கு வித்து விநியோகம் செய்யும் ஆலையாகிவிடும்.

இதே மருந்து இரண்டாவது ரகத்தில் வேறு மாதிரி வேலை செய்கிறது. அங்கே ஒரு வாரம் தவறினாலும் நோய் அதற்குள் வெகுதூரம் போயிருக்காது. கீழ் இலைகளைப் பார்த்துவிட்டு 'இந்த ஆண்டு தேவையா' என்று யோசிக்க அவகாசம் இருக்கிறது. பல ஆண்டுகளில் தேவையே இருக்காது.

யாருக்கு எது

உங்கள் பகுதியில் துரு வழக்கமாகப் பூப்புக்குப் பிறகே தலைகாட்டுகிறதா? இரண்டாவது ரகம், மருந்தில்லாமல். அறுவடையில் எடுத்த விதையையே திரும்பத் திரும்ப விதைப்பவரா, புது ரகம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும் இடமா? அப்போதும் அதுதான், ஏனென்றால் உடையும் ரகத்தைச் சட்டென்று மாற்ற உங்களுக்கு வழியில்லை.

துரு தூர் கட்டும் பருவத்திலேயே வரும் இடத்தில் 20, 30 ரகத்தைத் தனியாக நம்ப மாட்டேன். அங்கே தேட வேண்டியது அடுக்கிய ரகத்தை, அல்லது முழு எதிர்ப்பு மரபணுவோடு எல்ஆர் 34-உம் சேர்ந்திருக்கும் ரகத்தை. எல்ஆர் 34 கூட இருந்தால் மற்ற மரபணுக்களின் வேலையும் வலுக்கிறது என்று 1992-இலேயே காட்டப்பட்டிருக்கிறது. முன்னது உடைந்தாலும் பின்னது இருக்கும். எது எது இருக்கிறது என்பதை டிஎன்ஏ சோதனையில் பார்த்துவிடலாம். விதை நிறுவனத்திடம் கேட்டால் சொல்லியாக வேண்டிய தகவல் இது.

முதல் ரகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. எந்தத் துரு இனம் எங்கே சுற்றுகிறது என்று ஆண்டுதோறும் கண்காணித்து அறிவிக்கும் ஏற்பாடு இருக்கும் இடத்தில், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை விதையை மாற்றத் தயாராக இருப்பவர் அதன் சுத்தத்தை அனுபவிக்கலாம். சுற்றுவட்டாரம் முழுக்க அதே மரபணு நிற்கிறது என்று தெரிந்தால் மட்டும் வேண்டாம். மூன்றாவது ரகம், சொந்தத் தெளிப்பானும் நல்ல விலையும், தெளிக்கும் வாரத்தில் வறண்ட வானிலையும் உறுதியாக உள்ளவருக்கு.

டியூரம் கோதுமை போடுபவர்களுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. எல்ஆர் 34 ஏழாவது டி குரோமோசோமிலும், எல்ஆர் 67 நான்காவது டி-யிலும் இருப்பவை. ரொட்டிக் கோதுமையில் ஏ, பி, டி என்று மூன்று குரோமோசோம் தொகுதி. டியூரத்தில் ஏ, பி மட்டுமே, டி கிடையாது. ஆகவே மிகவும் நம்பகமான அந்த இரண்டும் இயல்பாக அதற்குக் கிடைப்பதில்லை. ஒன்றாவது பி-யில் இருக்கும் எல்ஆர் 46, ஏழாவது பி-யில் இருக்கும் எல்ஆர் 68 போன்றவற்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மெக்சிகோவில் டியூரம் அடுத்தடுத்து இரண்டு முறை அடிவாங்கியதைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன். டியூரம் விதைப்பவர் பகுதி எதிர்ப்பு ரகம் கிடைத்தாலும் கண்ணாடி இலைப் பருவத்துக்கு ஒரு தெளிப்புக்கான மருந்தைக் கையில் வைத்திருப்பதே சரி.